அரைப்பு மறுபக்கத்தில் இருக்கிறது

தாழக்குடி
கொல்லம் 1131, மாசி 3

மக்களே தாணம்மா,

உன் ஆச்சி அழகியநாயகி எழுதுவது. இங்கே எல்லாருக்கும் சுகம்தான். கல்கத்தாவில் நீ இருக்கிற இடத்துக்குச் சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக ஒரு கணக்கு மெஷின் வந்திருக்கிறது, அதற்கு அட்டையில் ஓட்டை போட்டு இன்னதைச் செய் என்று சொல்லிக் கொடுக்கிற ஐந்து பேரில் நீ ஒருத்தி என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை உன் மாமா சிவதாணு ஒரு தடவை வாசித்தான். நான் நாலு தடவை வாசித்தேன். கோயில் நடையில் கண்டவர்களிடம் எல்லாம் சொல்லியாயிற்று. "பொம்பளப் பிள்ளையா மெஷினுக்குச் சொல்லிக் குடுக்கா?" என்று முத்துக்கனி வாயைப் பிளந்தாள். "பின்னே? அதுக்குத் தெரியாது, சொல்லிக் குடுக்கா. ஒனக்கும் ஏதாம் தெரியாட்டா சொல்லு, எழுதிப் போடுகேன்" என்றேன். அவள் பூக்கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

மெஷின் வந்ததற்கு அங்கே விருந்து என்றும், அவரவர் ஊர்க் கறி ஒன்று வைக்க வேண்டும் என்றும், அவியலுக்குப் பக்குவம் வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். படிப்பு படிப்பு என்று உன்னை அடுக்களைப் பக்கமே விடாமல் வளர்த்தது நான்தான். ஆகையால் எழுதுகிறேன்.

சேனை, வாழைக்காய், வெள்ளரிக்காய், முருங்கைக்காய், வழுதுணங்காய் (மதராஸ்காரர்கள் கத்தரிக்காய் என்பார்களே, அதுதான்). எல்லாம் விரல் நீளத்துக்கு நறுக்கு. சேனையை முதலில் போடு, வழுதுணங்காயைக் கடைசியில் போடு. மஞ்சளும் உப்பும் போட்டு, தண்ணீரைத் தெளித்த மாதிரி விட்டு மூடு. முக்கால் வேக்காட்டில் அரைப்பைப் போடு. போட்ட உடனே கிண்டாதே. பச்சை வாசம் போனதும் புளித்த தயிர் கொஞ்சம், மேலே பச்சைத் தேங்காயெண்ணெய், கறிவேப்பிலை. இறக்கிவிடு. இவ்வளவுதான் அவியல்.

(தாளின் மறுபக்கம்)

அரைப்பு: ஒரு தேங்காய்த் துருவலுக்கு ஆறு பச்சைமிளகாய், ஒரு சிறுகரண்டி சீரகம், நாலு உள்ளி. மைய அரைக்காதே, ஒன்றிரண்டாக இருக்கட்டும். புளிசேரிக்கும் இதேதான், ஆனால் அதற்கு மைய அரைக்க வேண்டும்.

இன்னொன்று. இராஜாக்கமங்கலம் முத்துநாயகம் பிள்ளை வீட்டில் இருந்து வந்திருந்தார்கள். மகன் அய்யம்பெருமாள், பி.ஏ. படித்து வாத்தியார் வேலை பார்க்கிறான். குணமான பையன். வெற்றிலை மாற்றிக்கொண்டோம். வைகாசி 21 முகூர்த்தம். சித்திரை கடைசிக்குள் அங்கே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்து சேர். உனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் எழுது.

ஆச்சி



கல்கத்தா
3-3-1956

ஆச்சிக்கு,

உங்கள் அவியல் என் மானத்தை வாங்கிவிட்டது.

உங்கள் கடிதத்தை விடுதி அடுக்களைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்து, வரி வரியாகச் செய்தேன். சேனை போடு என்றீர்கள், போட்டேன். மூடு என்றீர்கள், மூடினேன். "அரைப்பைப் போடு" என்று வந்தது. எந்த அரைப்பு? அதற்கு முந்தின வரியில் இல்லை. பிந்தின வரியிலும் இல்லை. அடுத்தது "இவ்வளவுதான் அவியல்". அடுப்பிலே சேனை குழைந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் நின்ற சமையல்கார அம்மாள் அவர்கள் வழக்கப்படி கடுகு அரைத்து வைத்திருந்தாள். நான் தேங்காயையும் அந்தக் கடுகையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். மதராஸ்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தின்றார்கள். பெங்காலிகள் "உங்கள் ஊர்ச் சமையல் எங்கள் ஊர் மாதிரியே இருக்கிறதே" என்று பாராட்டினார்கள். அதைவிட அவமானம் வேறு என்ன வேண்டும்?

இதிலே வேடிக்கை என்னவென்றால், என் வேலையிலும் இப்போது இதே சண்டைதான். பெரிய கணக்கு ஒன்றுக்குள்ளே சின்ன வேலைகள் பல தடவை வரும். வர்க்கமூலம் எடுப்பது அப்படி ஒன்று. அதை ஒவ்வொரு தடவையும் முழுக்க எழுதாமல், அதற்கு ஒரு பெயர் வைத்து, வேண்டிய இடத்தில் அந்தப் பெயரை மட்டும் எழுதினால் போதும் என்று ஏற்பாடு செய்கிறோம். நீங்கள் அவியலிலும் புளிசேரியிலும் "அரைப்பு" என்று சொல்கிற மாதிரி. நான் சொல்வது: ஒரு சின்ன வேலையை அழைக்கும் முன்னால் அது இன்னது என்று சொல்லியிருக்க வேண்டும். அட்டைகள் மெஷினுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. தெரியாத பெயர் வந்தால் அது என்ன செய்யும்? எனக்குக் கடுகு கிடைத்த மாதிரி, அந்த இடத்தில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்துச் செய்துவிடும். போன வாரம் அப்படித்தான் ஒரு முழுநாள் வீணாயிற்று.

எனக்கு மேலே அதிகாரியாக இருக்கிற மித்ரா பாபு ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறார். "எழுதுகிறவன் மனசில் வருகிற வரிசையில் எழுதட்டும். அட்டைகளை மெஷின் இரண்டு தடவை வாசிக்கட்டும். முதல் தடவை பெயர்களை எல்லாம் தெரிந்துகொள்ளும், இரண்டாம் தடவை வேலையைச் செய்யும்" என்கிறார். அட்டைக்கட்டை இரண்டு தடவை ஓட்டினால் நேரம் இரட்டிப்பு என்கிறேன் நான்.

இந்தப் பெயர்களைப் புரிந்துகொள்கிற ஏற்பாட்டை எழுதுகிற பொறுப்பு என்னுடையது. ஜூன் மாதம் எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் என்னை இங்கே நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். ஓடாவிட்டால் ஊருக்கு வந்து உங்களிடம் அவியல் படிக்கிறேன்.

தாணம்மாள்



தாழக்குடி
பங்குனி 2

ஏட்டி மக்களே,

தாளைத் திருப்பினாயா?

அரைப்பு மறுபக்கத்தில் இருக்கிறது! ஒரு தேங்காய்க்கு ஆறு மிளகாய் என்று மணி மணியாக எழுதியிருக்கிறேன். எம்.ஏ. படித்தவள் அதைச் சுவரைப் பார்க்க மாட்டிவைத்துவிட்டு ஆச்சி சொல்லவில்லை என்கிறாய். உன் கடிதத்தை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் உன் மாமா வயலிலிருந்து ஓடி வந்துவிட்டான்.

நான் அந்த மித்ரா பாபு கட்சி. அவரிடம் சொல், தாழக்குடி அழகியநாயகி உம்ம பக்கம் என்று. ஒரு கடிதம் வந்தால் முதலில் அடியிலிருந்து நுனிவரை வாசிக்க வேண்டும், முன்பக்கம் பின்பக்கம் எல்லாம். பிறகுதான் அடுப்பு மூட்டவேண்டும். எழுதுகிறவளுக்கு எது எப்போது ஞாபகம் வருகிறதோ அப்போதுதானே எழுத முடியும்? வாசிக்கிறவளுக்கு அல்லவா பொறுமை வேண்டும்? மெஷினுக்கு அந்தப் பொறுமை இல்லையென்றால் அது என்ன மெஷின். சீமையில் போய் வேறு வாங்கி வரச் சொல்.

மறுபக்கத்தில் எழுதின மற்ற விஷயத்துக்கு நீ மறுப்பு ஒன்றும் எழுதவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மண்டைக்காட்டு அம்மன் கொடைக்குப் போன இடத்தில் நம்மவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். "கல்கத்தாக்காரிக்கு மாப்பிள பாத்தாச்சா?" என்று கேட்டவர்களுக்கு எல்லாம், "பாத்தாச்சு, இராஜாக்கமங்கலம்" என்று நிமிர்ந்து பதில் சொன்னேன். விருந்துச் சமையலுக்குத் தவசிப்பிள்ளை பகவதியப்பனிடமும் சொல்லியாயிற்று. அவன் வைக்கிற அவியலைப் பார்த்து நீ படித்துக்கொள்ளலாம்.

ஆச்சி



கல்கத்தா
24-3-1956

ஆச்சிக்கு,

இன்று காலையில் உங்கள் கடிதம் வந்ததும் அடுக்களைக்குப் போய் ஆணியிலிருந்து அந்தத் தாளை எடுத்துத் திருப்பினேன். ஒரு மாதமாக என் கல்யாணம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

நான் சம்மதம் சொல்லவில்லை. நான் அதை வாசிக்கவே இல்லை.

கல்யாணம் என்று ஒன்று பேசுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை வந்திருக்க வேண்டும். கறிக்குப் பக்குவம் எழுதி, மீதி இடத்தில், உள்ளிக்குப் பின்னால் எழுதுகிற சங்கதியா அது? வைகாசி 21 என்றால் ஜூன் நாலாம் தேதி. அந்த வாரம்தான் நான் மெஷின் முன்னால் நிற்க வேண்டும்.

அய்யம்பெருமாள் குணமானவராகவே இருக்கட்டும். நான் வரவில்லை.

இனிமேல் அவியலைப் பற்றி எழுதவேண்டாம்.

தாணம்மாள்



தாழக்குடி
பங்குனி 20

தாணம்மாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவிடம் காட்டவில்லை. காட்டினால் அவன் ரயில் ஏறிவிடுவான்.

நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று தெரிந்துதான் எழுதினாயா? வெற்றிலை மாற்றினவள் நான். இந்த வீட்டில் நான் கொடுத்த வார்த்தையை இதுவரை ஒருவரும் திருப்பினது கிடையாது. உன் அம்மை உன்னை எட்டு வயசில் என் கையில் விட்டுவிட்டுப் போனாள். பெண்பிள்ளைக்கு எதற்குத் திருவனந்தபுரத்தில் காலேஜ் என்று கேட்ட சொந்தக்காரர்களை எல்லாம் முற்றத்தோடு திருப்பி அனுப்பினது யார்? கல்கத்தாவா என்று உன் மாமா தலையில் கைவைத்தபோது, "போட்டுல, அவ போவா" என்றது யார்? அப்போதெல்லாம் நான் உன்னிடம் கேட்டுக்கொண்டா செய்தேன்? எல்லாம் நல்லதாகத்தானே முடிந்தது?

என்னிடம் கேட்டார்களா? சொல்கிறேன் கேள். அஞ்சாம் வகுப்பில் இருந்தேன். வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். அன்றைக்குப் பின்ன வகுத்தல் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். சிலேட்டோடு வீட்டுக்கு வந்தால் கொல்லையிலே தவசிப்பிள்ளை ஆட்கள் நீளமாக அடுப்புக்குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டேன். குழிக்குள் நின்றவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தான். "ஒனக்குத்தாம்மா" என்றான். அழுதேனா? சண்டை போட்டேனா? சிலேட்டை உள்ளே கொண்டு வைத்துவிட்டு வந்து குளித்தேன். அதற்குப் பிறகு நாற்பத்தாறு வருஷம் இந்தக் குடும்பத்தை நிமிர்த்தி நடத்தியிருக்கிறேன். என்ன கெட்டுப்போயிற்று?

யோசித்து எழுது. சித்திரைக்குள் பதில் வேண்டும்.

ஆச்சி



கல்கத்தா
11-4-1956

ஆச்சிக்கு,

கோபத்தில் எழுதின கடிதத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்று சொன்னதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுப்புக்குழி வெட்டின கதையை நீங்கள் இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. காலேஜுக்குப் போகும்வரை பத்து வருஷம் உங்கள் பக்கத்தில் படுத்திருக்கிறேன், எவ்வளவோ கதை சொல்லியிருக்கிறீர்கள், இது வரவில்லை. நீங்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று எழுதினீர்கள். ஆனால் பின்ன வகுத்தல் என்று எழுதியிருக்கிறீர்களே ஆச்சி, நாற்பத்தாறு வருஷம் கழித்தும் அன்றைக்கு என்ன பாடம் என்று ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்.

"யாருக்குக் கல்யாணம்?" என்று அன்றைக்குக் குழிக்குப் பக்கத்தில் நின்று கேட்டீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். எனக்குக் குழிக்குப் பதிலாகத் தாளின் பின்பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்காக நீங்கள் ஊரோடு போட்ட சண்டை ஒன்றையும் மறக்கவில்லை. ஆனால் "காலேஜுக்குப் போகிறாயா?" என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். உங்களுக்கு ஞாபகம் இல்லையா? உரலடியில் உட்கார்ந்திருந்தேன். "போறியாட்டி?" என்றீர்கள். "போறேன்" என்றேன். அதற்குப் பிறகுதான் சொந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பினீர்கள். கேட்டுவிட்டுத்தான் செய்தீர்கள். இந்த ஒன்றில்தான் கேட்கவில்லை.

இனி வேலையைச் சொல்கிறேன். மித்ரா பாபுவிடம் உங்கள் ஆதரவைச் சொன்னேன். எழுந்து நின்று தெற்கே பார்த்துக் கும்பிட்டார். பிறகு இருவரும் நாலு நாள் கத்திக்கொண்டோம். கடைசியில் அவரும் கொஞ்சம் இறங்கினார், நானும் கொஞ்சம் இறங்கினேன். சின்ன வேலையை முழுக்க முன்னால் எழுதவேண்டியதில்லை, அது எங்கே வேண்டுமானாலும், கடைசியில்கூட, வரட்டும். ஆனால் முதல் அட்டையில் பெயர்களை மட்டும் வரிசையாகச் சொல்லிவிட வேண்டும்: இந்தக் கணக்கில் இன்ன இன்ன பெயர் வரும், விவரம் பின்னால் இருக்கிறது என்று. பெயர் தெரிந்துவிட்டால் மெஷின் அதற்கு ஓர் இடம் ஒதுக்கிவைத்துக்கொள்ளும், விவரம் வரும்வரை காத்திருக்கும், கடுகைப் போடாது. ஒரே வாசிப்பு போதும். நேற்று ஒரு சின்னக் கணக்கை அப்படி ஓட்டிப் பார்த்தோம். ஓடியது ஆச்சி. விடை சரியாக வந்தது, நான் அதைக் கையால் போட்டு இன்னொரு தடவை சரிபார்த்தேன். மித்ரா பாபு ரசகுல்லா வாங்கப் போய்விட்டார்.

வேறொன்றும் இல்லை. மறுபக்கம் வெற்றுத்தாள்தான். நான் எழுதினால் அப்படித்தான்.

தாணம்மாள்



தாழக்குடி
சித்திரை 8

மக்களே தாணம்மா,

இந்தக் கடிதத்தில் வருகிறவர்கள்: நான். முத்துநாயகம் பிள்ளை. அவர் பெண்சாதி பொன்னம்மை. மகன் அய்யம்பெருமாள். தவசிப்பிள்ளை பகவதியப்பன். முத்துக்கனி. இந்தக் கடிதத்தில் நடப்பது: வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கல்யாணம் இல்லை. விவரம் கீழே. இப்போது அடுப்பு மூட்டலாமா உன் மெஷின்?

உன் கடிதம் வந்தபிறகு மூன்று நாள் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உரலடியில் உன்னிடம் கேட்டதை நினைத்துப் பார்த்தேன். கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஏன் கேட்டேன், இப்போது ஏன் கேட்கவில்லை என்று யோசித்தேன். அன்றைக்கு நீ போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போது நீ திரும்பி வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். கேட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பின்பக்கத்தில் எழுதினேன் போலிருக்கிறது. இடம் இல்லாமல் இல்லை.

நாலாம் நாள் காலையில் பஸ் ஏறினேன். சிவதாணு தானே போய்ச் சொல்கிறேன் என்றான். "வெத்தில மாத்துனது நீயா நானா? பேசாம இருல" என்றேன். இராஜாக்கமங்கலத்தில் இறங்கி அந்த வீட்டு முற்றத்தில் நின்று, உள்ளே ஏறாமல், வெற்றிலைத் தட்டை நீட்டினேன். முத்துநாயகம் பிள்ளை முகம் கறுத்துப் போயிற்று.

"என்ன அழகியநாயகி அம்மை, ஒரு கடலாசு எழுதிப் போட்டா போதாதா?" என்றார்.

"நேர வந்து குடுத்த வார்த்தைய நேர வந்துதான் திருப்பணும். தப்பு எனக்க கையில. பிள்ளகிட்ட கேக்காம அதுக்க பேரச் சொல்லிப்போட்டேன்" என்றேன்.

பொன்னம்மை உள்ளே இருந்தே பேசினாள். "கல்கத்தாவுல யாரையாம் பாத்து வச்சிருக்காளோ என்னவோ!"

அறுபது வயசுக்குக் கிட்டே வந்துவிட்டது, இன்னும் எனக்கு மூக்கு நுனியில்தான் கோபம். ஆனால் நிதானமாகத்தான் சொன்னேன். "பாத்து வச்சிருக்கா. ஒரு மெஷின். மூணு ஆள் உயரம். அவ சொன்னா அது கேக்கும். அது அல்லாம வேற யாருக்கும் அங்க எடம் இல்ல."

அய்யம்பெருமாள் சிரித்துவிட்டான். அவன்தான் பஸ் வரை கூட வந்தான். பையன் குணமானவன் என்று நான் எழுதினது பொய் இல்லை. "ஆச்சி, மெஷினுக்கு மொதல்ல பேரச் சொல்லணுமா, வேலையச் சொல்லணுமா?" என்று கேட்டான். நான் உன் கடிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன்: பேர் முன்னால், விவரம் பின்னால், ஒரே வாசிப்பு. வாத்தியார் கைகட்டிக் கேட்டுக்கொண்டு நின்றான். பஸ்ஸில் இருந்தவர்களும் கேட்டார்கள். திங்கள்சந்தைக்காரர் ஒருவர் "அம்மைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார். "எனக்க பேத்தி எழுதுகா, நான் வாசிக்கேன்" என்றேன்.

பகவதியப்பனிடம் விருந்து இல்லை என்று சொன்னேன். "வைகாசி இருபத்தொண்ண வேற ஆளுக்குக் குடுத்திரவா?" என்றான். குடு என்றேன். முத்துக்கனி வந்து "கல்யாணம் நின்னுபோச்சாமே, அய்யோ பாவம்" என்று மூக்கைச் சிந்தப் பார்த்தாள். "நிக்கல்ல, தொடங்கவே இல்ல. பிள்ளகிட்ட இனிமேத்தான் கேக்கணும்" என்றேன். முற்றத்தோடு போனாள்.

மித்ரா பாபுவிடம் நான் கட்சி மாறினதைச் சொல்லவேண்டாம். அவர் கும்பிட்ட கும்பிடு அப்படியே இருக்கட்டும். ஜூன் மாதம் நீ மெஷின் முன்னால் நிற்கிற அன்றைக்கு என்ன கிழமை, எத்தனை மணி என்று எழுது. அந்த நேரத்தில் நான் இங்கே சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன், கோயில் நடையில் நிற்பேன். எதற்கு நிற்கிறாய் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும் அல்லவா?

இந்தத் தடவை மறுபக்கத்தில் எழுதவில்லை.

ஆச்சி

(தாளின் மறுபக்கம்)

திருப்பிப் பார்த்துவிட்டாய். பார்ப்பாய் என்று தெரியும்.

என் சிலேட்டு பரணில் கிடந்தது. இறக்கிக் கழுவினேன். ஒரு மூலை உடைந்திருக்கிறது, எழுதலாம். பின்ன வகுத்தல் எப்படி என்று அடுத்த கடிதத்தில் எழுது. முன்பக்கத்திலேயே எழுது.

உன் கல்யாணத்தை நீ என்றைக்குச் சொல்கிறாயோ அன்றைக்குச் சொல். பகவதியப்பனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: இந்த வீட்டுக் கொல்லையில் இனிமேல் மண்வெட்டி போடுவதற்கு முன்னால், யாருக்குக் கல்யாணமோ அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போடவேண்டும்.